ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியாவா? பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்!

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு வீடு. அப்பா சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். அம்மா பள்ளிக்கூட டீச்சர். ஏழு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. உங்கள் பக்கத்து வீடு என்றே நினைத்துக் கொள்ளுங்களேன்.

குழந்தைக்கு நாலாம் மாதம் காய்ச்சல், இருமல். எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் கீழ்ப்பக்கம் ஒரு நிழல். "நிமோனியாம்மா" என்று சொல்லி ஊசி போட்டார்கள். சரியாகிவிட்டது. ஆறாம் வாரம் மறுபடி அதே காய்ச்சல், அதே இருமல், அதே ஊசி. மூன்றாவது தடவையும் வந்தபோது பாட்டி கவலையோடு சொன்னாள்: "ஏம்மா, இது பிரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கும்மா. நம்ம பெரியவனுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் இருந்துச்சு." பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு காரணம் சொன்னார்கள்: "கல்லு தூசி சார்... அப்பா மேல ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வருது."

இந்தத் தடவை பார்த்தவர் புது டாக்டர். அவர் மருந்துச் சீட்டில் கை வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூணு தடவையும் நிழல் ஒரே இடத்துலதான் இருந்துச்சா? பழைய எக்ஸ்ரே எங்கே?"

"அதை... வெள்ளை அடிக்கறப்போ தூக்கிப் போட்டுட்டோம் டாக்டர்."

இது விளக்குவதற்காகச் சொன்ன குடும்பம்தான். ஆனால் அந்த டாக்டரின் கேள்வி நிஜமானது. சளி என்றும், வீசிங் என்றும், டிபி என்றும் மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் குழந்தைகளில் சிலருக்கு நோயே வேறு. அது பிறக்கும்போதே நுரையீரலில் இருந்த கோளாறு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் ஒரு ஆபரேஷனோடு தீர்த்துவிடலாம். கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதில் பெற்றோர் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பாடம்.

நுரையீரல் எப்படி உருவாகிறது?

கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களிலேயே, கருவின் உணவுப் பாதையிலிருந்து ஒரு சின்ன மொட்டு கிளம்புகிறது. அது இரண்டாகப் பிரிந்து, கிளை விட்டு, அந்தக் கிளையும் கிளை விட்டு, தலைகீழாக நிற்கும் வேப்பமரம் மாதிரி ஆகிறது. அடிமரம் மூச்சுக்குழல். கிளைகள் மூச்சுக் கிளைக்குழல்கள். இலைகள்தான் காற்று நுண்ணறைகள். வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. ஆக மொத்தம் ஐந்து.

இந்தக் கிளை விடும் வேலையில் எங்காவது ஓரிடத்தில் பிசகினால் அந்த இடம் மட்டும் சரியாக வளராது. மற்ற இடங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நோய் ஓரிடத்தில் இருப்பதால்தான் நிமோனியாவும் திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருகிறது. அதனால்தான் ஆபரேஷனிலும் அந்த ஓரிடத்தை மட்டும் எடுத்தால் போதும் என்று ஆகிறது.

இன்னொன்று. பிறக்கும் குழந்தைக்குக் காற்று நுண்ணறைகள் சில கோடிதான் இருக்கும். பெரியவர்களுக்கு முப்பது கோடி வரை போகும். மீதியெல்லாம் பிறந்த பிறகு, முக்கியமாக முதல் இரண்டு மூன்று வருடங்களில் முளைப்பவை. கடவுள் கொடுத்த இந்த அவகாசம் பின்னால் ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது நமக்கு உதவும்.

நாலு வகைக் கோளாறுகள்

பெயர்கள் வாயில் நுழையாதவை. ஆனாலும் டாக்டர் சொல்லும்போது புரிய வேண்டும் அல்லவா?

ஒன்று, சி.பி.ஏ.எம். நுரையீரலின் ஒரு பகுதி நீர்க்கொப்புளங்கள் நிறைந்த கட்டி மாதிரி வளர்ந்துவிடுவது. 1949-ல் சின், டாங் என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். பழைய டாக்டர்கள் சி.சி.ஏ.எம். என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். 25 ஆயிரம் முதல் 35 ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்று முன்பு கணக்குச் சொன்னார்கள். கர்ப்பகால ஸ்கேன் பரவிய பிறகு, அதைவிட அதிகம் என்று தெரிகிறது.

இரண்டு, சீக்வெஸ்ட்ரேஷன். நுரையீரலில் ஒரு துண்டு, மூச்சுக்குழல் தொடர்பே இல்லாமல் தனியாக ஒதுங்கி நிற்பது. இதற்கு ரத்தம் வரும் வழியும் வேறு. உடம்பின் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியிலிருந்து நேராக ஒரு கிளை வந்து இதற்கு ரத்தம் கொடுக்கும். பெரும்பாலும் இடது பக்கம் கீழே இருக்கும்.

மூன்று, லோபார் எம்ஃபிசீமா. சைக்கிள் டியூபின் வால்வை நினைத்துக் கொள்ளுங்கள். காற்று உள்ளே போகும், வெளியே வராது. அதே மாதிரி ஒரு மடலுக்குள் காற்று போய்ப் போய், அது பலூனாக ஊதிக்கொண்டு, பக்கத்தில் உள்ள நல்ல நுரையீரலையும் இதயத்தையும் நசுக்கும். இடது மேல் மடலில்தான் அதிகம் வரும்.

நான்கு, பிராங்கோஜெனிக் சிஸ்ட். மூச்சுக்குழலை ஒட்டி நீர் கோத்த ஒரு பை. சின்னதாக இருந்தால் வருடக்கணக்கில் தெரியாது. அழுத்த ஆரம்பித்தால் இருமலும் வீசிங்கும் வரும்.

மூன்று காலத்தில் மூன்று மாதிரி தெரியும்

*வயிற்றில் இருக்கும்போது:* ஐந்தாம் மாதத்தையொட்டி, 18-லிருந்து 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் பல கோளாறுகள் தெரிந்துவிடும். தெரிந்தால் இடிந்து போக வேண்டாம். பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. கட்டி மிகப் பெரிதாகி, கருவின் உடம்பில் நீர் கோத்தால்தான் ஆபத்து. அதற்காகத்தான் அடிக்கடி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சில வகைகளுக்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கட்டியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதும் உண்டு.

இங்கேதான் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. எட்டு, ஒன்பது மாத ஸ்கேனில் கட்டி சின்னதாகிவிட்டது போலவோ, மறைந்துவிட்டது போலவோ தெரியும். "சரியாயிடுச்சு, சாமி காப்பாத்திட்டார்" என்று குடும்பம் நிம்மதியாகிவிடும். சுற்றியுள்ள நுரையீரல் வளர்ந்ததால் ஸ்கேனில் வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். பிறந்த பிறகு எடுக்கும் எக்ஸ்ரேகூட நன்றாக இருக்கலாம். ஆகவே ஸ்கேனில் ஒரு தடவை கோளாறு என்று எழுதியிருந்தால், பிறந்த சில மாதங்களுக்குள் சி.டி. ஸ்கேன் பற்றிக் குழந்தை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

*பிறந்த முதல் நாட்களில்:* மூச்சு வாங்கும். பால் குடிக்கத் திணறும். உதடு நீலம் பாரிக்கும். இது அவசர நிலை.

*சில மாதம், சில வருடம் கழித்து:* நம் சிற்பியின் மகளைப் போல, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா.

மூச்சை எண்ணத் தெரியுமா?

இதற்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம். விநாடி முள் ஓடும் கடிகாரம் போதும். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது கூடாது. குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது.

இரண்டு மாதத்துக்குள் என்றால் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இவை வேக மூச்சு. டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலே இல்லாமல் எப்போது எண்ணினாலும் வேகமாகவே இருந்தால், அதை எழுதி வைத்துக் காட்டுங்கள்.

விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவது, மூக்கு விடைப்பது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, பால் குடிப்பதை நிறுத்திவிடுவது, உதடு நீலமாவது... இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். வழியில் பால் புகட்டாதீர்கள்.

டாக்டர்களே குழம்புவது எங்கே?

நம் ஊரில் நெஞ்சில் நிழல் என்றால் முதலில் ஞாபகம் வருவது டிபிதான். அதுவும் செங்கல்பட்டுப் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். தாம்பரம் சானடோரியம் 1928-ல் டாக்டர் சவுரி முத்து ஆரம்பித்தது. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிசிஜி தடுப்பூசி பற்றி உலகமே கவனித்த பெரிய ஆய்வு 1968-ல் தொடங்கியதும் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில்தான். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை அது தடுக்கவில்லை என்று அந்த ஆய்வில் தெரிந்தது. ஆனால் கைக்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான டிபியிலிருந்து அந்த ஊசி காப்பாற்றுகிறது. அதனால் பிறந்ததும் போட்டே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட மண்ணில் டிபியைச் சந்தேகிப்பது தப்பே இல்லை. பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதுதான் தப்பு. சின்னக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது. இரைப்பையிலிருந்து காலையில் நீர் எடுத்துச் சோதிக்க வழி இருக்கிறது. "டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. ஒன்று, டிபி மாத்திரையை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!

ஒரே இடத்தில் நிமோனியா வர இன்னொரு காரணமும் உண்டு. தவழும் குழந்தை, நடக்கும் குழந்தை என்றால் வேர்க்கடலையோ, பொம்மைத் துண்டோ மூச்சுக்குழலில் சிக்கியிருக்கலாம். "என்னைக்காவது எதையாவது சாப்பிடும்போது புரை ஏறி மூச்சுத் திணறுச்சா?" என்று யோசித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

லோபார் எம்ஃபிசீமாவில் வேறொரு ஆபத்து. ஊதிப்போன மடல் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரியும். நுரையீரல் ஓட்டையாகி வெளியே காற்று சேர்ந்துவிட்டது போல அது தோன்றும். அவசரத்தில் நெஞ்சில் குழாய் போட்டால் நிலைமை மோசமாகும். உதரவிதானத்தில் ஓட்டை இருந்து குடல் நெஞ்சுக்குள் ஏறியிருந்தாலும் எக்ஸ்ரேயில் கொப்புளங்கள் மாதிரியே தெரியும். இந்தச் சிக்கலையெல்லாம் பெரும்பாலும் தீர்த்து வைப்பது சி.டி. ஸ்கேன். ரத்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்பது வரை அதில் தெரியும். கதிர்வீச்சு இருப்பதால் அடிக்கடி எடுக்க வேண்டாம். தேவைப்படும்போது பயந்து ஒதுங்கவும் வேண்டாம்.

ஆபரேஷன் எப்படி நடக்கும்?

மூச்சுத் திணறும் குழந்தைக்குத் தள்ளிப் போட முடியாது. தொந்தரவே இல்லாத குழந்தைக்கு என்ன செய்வது என்பதில் டாக்டர்களிடையே இரண்டு கருத்து உண்டு. சிலர் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பார்கள். பல குழந்தை அறுவை நிபுணர்கள் ஒரு வயதுக்குள் எடுத்துவிடலாம் என்பார்கள். காரணம்: கிருமி தொற்றிய பிறகு எல்லாம் ஒட்டிக்கொண்டு ஆபரேஷன் கடினமாகும். அபூர்வமாகச் சில கொப்புளங்களில் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம். தவிர, மீதி நுரையீரல் நன்றாக வளரும் வயது அது. உங்கள் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கோளாறு உள்ள மடலை முழுதாக எடுப்பதுதான் வழக்கம். அக்குளுக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவில் கீறியும் செய்யலாம். சில மில்லிமீட்டர் துளைகள் போட்டு, கேமரா வைத்தும் செய்யலாம். துளை வழியில் வலியும் தழும்பும் குறைவு. ஆனால் குழந்தையின் நிலை, டாக்டரின் அனுபவம், மயக்க மருந்து வசதி எல்லாம் பார்த்துத்தான் அதை முடிவு செய்வார்கள். சீக்வெஸ்ட்ரேஷன் என்றால் மகாதமனியிலிருந்து வரும் அந்தக் கள்ளக் குழாயைக் கண்டுபிடித்துக் கட்டுவதுதான் முக்கியம். அது கை தவறினால் ரத்தம் பீறிடும்.

ஆபரேஷனுக்கு முன்பு வயிறு காலியாக இருக்க வேண்டும். எத்தனை மணிக்குப் பாலை நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். குழந்தை அழுகிறதே என்று பாட்டி இரக்கப்பட்டு நர்ஸுக்குத் தெரியாமல் ஒரு பாலாடை புகட்டினால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷனைத் தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

முடிந்து வரும்போது நெஞ்சில் ஒரு குழாய், அதன் மறுமுனை தண்ணீர் உள்ள பாட்டிலில் இருக்கும். குமிழி வந்தால் பதற வேண்டாம். உள்ளே மிஞ்சியிருக்கும் காற்று வெளியேறுகிறது. அந்த பாட்டிலைக் குழந்தையின் நெஞ்சு மட்டத்துக்கு மேலே மட்டும் தூக்கக் கூடாது. காற்றுக் கசிவு, ரத்தக் கசிவு, கிருமித் தொற்று ஆகியவை வரக்கூடிய சிக்கல்கள். அதனால்தான் சில நாட்களிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை தங்கச் சொல்கிறார்கள்.

எங்கே போவது?

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு சுமார் 30 கிலோமீட்டர். அங்கே 1965-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. மேல் சிகிச்சைக்குச் சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. பிறவிக் கோளாறுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து வழிகாட்ட 2013-லிருந்து தேசிய அளவில் திட்டமும் இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

*"நான் பப்பாளி சாப்பிட்டதாலயா டாக்டர்? கிரகணத்தன்னிக்கு வெளியில வந்ததாலயா?"*

இல்லவே இல்லை. அப்பாவின் உளியிலிருந்து வந்த கல் தூசியும் காரணமில்லை. அந்தத் தூசி அப்பாவின் நுரையீரலுக்குத்தான் கெடுதல், அவர் முகக்கவசம் போடட்டும். இது யாருடைய தப்பாலும் வந்ததில்லை. பொதுவாக அடுத்த குழந்தைக்கும் வருவதில்லை. சிறு வயதில் நுரையீரல் கட்டி வந்தவர்கள் குடும்பத்தில் இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

*"ஒரு மடலை எடுத்துட்டா குழந்தை ஓடியாடுமா?"*

ஓடும், ஆடும், கோவளத்துப் பிள்ளைகள் மாதிரி அலையில் நீந்தவும் செய்யும். மீதி நான்கு மடல்களும் விரிந்து, வளர்ந்து இடத்தை நிரப்பும். ஆழ்கடல் டைவிங் போக ஆசைப்பட்டால் மட்டும் அந்த வயதில் டாக்டரைக் கேட்கட்டும்.

*"சளிக்கு மூக்குல ரெண்டு சொட்டு எண்ணெய் விடலாமா? சாம்பிராணி போடலாமா?"*

வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே ஒரு நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சிகரெட் புகை மூன்றும் குழந்தையின் அறைக்கு ஆகாது.

ஒரு மஞ்சள் பை போதும்

ஜவுளிக் கடையில் கொடுக்கும் ஒரு பையை எடுங்கள். கர்ப்பகால ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், குழந்தையின் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் தேதியோடு, சி.டி., டிஸ்சார்ஜ் சீட்டு, எந்த மருந்து எத்தனை நாள் என்ற குறிப்பு... எல்லாவற்றையும் அதில் போட்டு பீரோவில் வையுங்கள். குணமான பிறகும் ஓர் எக்ஸ்ரே எடுத்து, நிழல் முழுதாக மறைந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லதா எனக் கேளுங்கள். மறையாத நிழல்தான் பல நேரம் உண்மையைச் சொல்லும்.

நம் சிற்பியின் மகளுக்குப் பழைய படங்கள் கிடைக்கவில்லை. ஆனால் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகல் இருந்தது. அதில் 'இடது கீழ் மடலில் நிழல், பிறந்த பின் பரிசோதிக்கவும்' என்று ஒரு வரி. அதை யாரும் படிக்கவில்லை. சி.டி. எடுத்தார்கள். ஆபரேஷன் நடந்தது. இப்போது அவள் பட்டறையில் கல் சில்லுகளை அடுக்கி விளையாடுகிறாள். தூசிக்கு அந்தப் பக்கம் போகாதே என்று அப்பா அதட்டினாலும் கேட்பதில்லை!

உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் ரிப்போர்ட்டையும் இன்று ஒரு தடவை எடுத்துப் படித்துப் பாருங்களேன்.